வெல்டா கேட்கும் ஈடு

"தொப்பியைக் கழட்டு கண்ணு" என்கிறாள் வெல்டா.

எதிரே நிற்பவர் மாட்டுப்பண்ணைக்காரர். வாசலில் குனிந்து நுழைகிற உயரம். பெண்பிள்ளை கேட்கிறாள், மரியாதைக்காக இருக்கும் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொள்கிறார். வெல்டா இடது கையை நீட்டுகிறாள்.

"நெஞ்சுல வெக்கச் சொல்லல. எங்கிட்ட குடு."

"டிரைவிங் லைசென்ஸ் குடுத்தாச்சு. வண்டிச் சாவியும் குடுத்தாச்சு. தொப்பி எதுக்கும்மா?"

"அது ரெண்டும் கடை கேக்குறது. இது நான் கேக்குறது."

அவர் என்னைப் பார்க்கிறார். நான் கூரையைப் பார்க்கிறேன். இந்தக் கட்டத்தில் நான் எப்போதும் கூரையைத்தான் பார்ப்பேன். பட்டையில் வான்கோழி இறகு செருகிய அந்தத் தொப்பி, வெல்டாவின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஆணி வரிசையில் போய்த் தொங்குகிறது. அதன் பிறகுதான் கைத்துப்பாக்கி ஒன்று, உள்ளே காலி என்று தெரியும்படி வாயைத் திறந்துகொண்டு, பிளாஸ்டிக் தட்டில் அவர் முன்னால் வருகிறது.

ஓக்லஹோமாவில், தானியக் கிடங்குகள் முடிந்து நெடுஞ்சாலை தொடங்குகிற இடத்தில் இருக்கும் ஹாஸ்கலின் துப்பாக்கி சுடும் கூடத்துக்கு நீங்கள் வந்தால், வெல்டா கிரவுச்சைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. வாடகைத் துப்பாக்கிகள் அவள் பொறுப்பு. வாங்குவதற்கு முன் ஒன்றைச் சுட்டுப் பார்க்க நினைப்பவர்கள், சொந்தமாக ஒன்று இல்லாதவர்கள், மாமனார் வீட்டுக்கு வந்து பொழுது போகாதவர்கள் எல்லாரும் அவளிடம்தான் வர வேண்டும். உள்ளே, சுடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று, யாருடைய குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனிப்பது என் வேலை. இருவரில் யாருக்கு வேலை கடினம் என்று கேட்டால் அவளுக்குத்தான் என்று தயங்காமல் சொல்வேன். குழலைக் கவனிப்பது சுலபம். அவள் ஆட்களைக் கவனிக்கிறாள்.

குள்ளமான உருவம். உயரமான முக்காலியில் உட்கார்ந்தால்தான் கவுண்டருக்கு மேல் அவள் தோள் தெரியும். சலவைக்காரர் தேய்த்துக் கொடுத்ததுபோல் விறைப்பான சட்டை. சங்கிலியில் தொங்கும் கண்ணாடி. வலது கையை மட்டும் நீங்கள் பார்க்க முடியாது. கவுண்டருக்கு அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் தெருவாசல் பூட்டிக்கொள்ளும். ஒரு வாடகைத் துப்பாக்கி உள்ளே இருக்கும்வரை வலது கை அந்தப் பொத்தானை விட்டு எழுவதில்லை. சாண்ட்விச் தின்பது, ரசீது எழுதுவது, மூக்குச் சிந்துவது எல்லாம் இடது கைதான். இந்த வயதுக்கு மேல் இடது கையால் எழுதப் பழகிய ஒரு மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கையெழுத்தும் முன்பைவிட நன்றாக இருக்கிறது.

எல்லாரையும் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். போலீஸ்காரர் வந்தாலும் கண்ணு, பாதிரியார் வந்தாலும் கண்ணு. பாசமாகப் பேசுகிறாளே என்று புதியவர்கள் ஏமாந்துபோவார்கள். ஒருமுறை பாதிரியாரே, "என்னையுமா வெல்டா நம்பல?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார்.

"நம்புறதுக்குன்னு ஞாயித்துக்கிழமை இருக்கு கண்ணு. இன்னைக்கு சனி. போனைக் குடு."

ஈடு கேட்பதில்தான் அவளுடைய வித்தை எல்லாம் இருக்கிறது. எல்லாரிடமும் ஒரே பொருளைக் கேட்க மாட்டாள். ஆளைக் காலணியிலிருந்து தலைவரை ஒருமுறை நிதானமாகப் பார்ப்பாள். இவன் எதை விட்டுவிட்டு வாசலைத் தாண்ட மாட்டான் என்று கண்டுபிடித்து, அதைக் கேட்பாள். இளவட்டங்களிடம் பெரும்பாலும் போன். கல்லூரியில் பந்து விளையாடி, அதற்குப் பிறகு வாழ்க்கையில் வேறெதுவும் செய்யாத ஒரு தடியரிடம், வெற்றிக்குக் கொடுத்த தடித்த மோதிரம். ஒரு மத்தியானம் ஒருவன் புகைபோட்டு வாட்டிய மாட்டிறைச்சிப் பொட்டலத்தோடு வந்தான். வாசனை கடை முழுக்கப் பரவியது. வெல்டா அவனுடைய சாவியைக் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பொட்டலத்தை வாங்கி ஆணியில் மாட்டினாள். அவன் கால் மணி நேரத்தில் சுட்டு முடித்து வெளியே வந்துவிட்டான். கேலி செய்வதற்காக ஒரு கிழவர் பல்செட்டைக் கழற்றித் தட்டில் வைத்தார். வெல்டா முகம் சுளிக்காமல் காகிதக் கோப்பையில் போட்டு எடுத்து வைத்துக்கொண்டாள். கேலி கிழவர் பக்கமே திரும்பிவிட்டது. உள்ளே நான் சொன்ன எதற்கும் அவரால் வாய் திறந்து பதில் சொல்ல முடியவில்லை.

அவளும் தப்புக் கணக்குப் போட்டிருக்கிறாள். கல்யாண மோதிரத்தை ஈடாகக் கொடுத்த ஒருவன், துப்பாக்கியை ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டு மோதிரத்தை வாங்காமல் போய்விட்டான். கூப்பிட்டுச் சொன்னபோது, "இருக்கட்டும்" என்றானாம். மோதிரம் இன்னும் ஆணியில் கிடக்கிறது. அன்றிலிருந்து அவள் கல்யாண மோதிரத்தை ஈடாக ஏற்பதில்லை.

திருடுகிறவர்களிலும் பலவகை உண்டு என்பது அவள் வகுத்த பிரிவு. இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பவன் முட்டாள். வாசலில் வண்டியை ஓடவிட்டு ஆள் நிறுத்தியிருப்பவன் அவசரக்காரன். ஓடுகிற வண்டிச் சத்தம் கேட்டால் வெல்டா எதையும் எடுத்துக் கொடுக்கமாட்டாள். மூன்றாவது ரகம்தான் ஆபத்து. அவன் வீட்டிலிருந்து அதே மாதிரியில் தேய்ந்துபோன ஒன்றைப் பையில் கொண்டுவருவான். கடையின் புதுத் துப்பாக்கியை வாங்கி உள்ளே போய், பையில் இருப்பதை மாற்றித் தட்டில் வைத்துத் திருப்பிக் கொடுப்பான். நன்றி வேறு சொல்வான். அதற்காக வெல்டா எல்லாத் துப்பாக்கிகளிலும் பிடிக்கு அடியில் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்திருக்கிறாள். நிறத்தை அடிக்கடி மாற்றுவாள். அது எந்த நிறம் என்று ஹாஸ்கலுக்கும் சொல்லமாட்டாள், எனக்கும் சொல்லமாட்டாள். அவள் கைவிரல் நகத்தில் இருக்கும் நிறமாக இருக்கும் என்று நினைத்து ஒருநாள் நைசாகப் பார்த்தேன்.

"என்ன ஆர்வில், கையப் புடிக்கப் போறியா?" என்றாள். அதற்குப் பிறகு அவள் கைப் பக்கம் நான் போவதில்லை.

ஹாஸ்கலுக்கு இதெல்லாம் பெரிய தலைவலி. அப்பா விட்டுப்போன கடையை நடத்துகிற நல்ல பிள்ளை. வாடிக்கையாளர் முகம் கோணக்கூடாது அவருக்கு. ஒரு தடவை, துப்பாக்கியில் ஒட்டினால் வாசலைத் தாண்டும்போது கத்துகிற வில்லைகளை விற்க ஒருவனைக் கூட்டிவந்தார். கழுத்துப்பட்டி கட்டிய அந்த ஆள் பேசிக்கொண்டே போனான். வெல்டா எழுந்துபோய் வில்லை ஒட்டிய ஒன்றை எடுத்து, மத்தியானம் அவள் தின்ற உருளைக்கிழங்கைச் சுற்றியிருந்த அலுமினியத் தாளில் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய், வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து கையாட்டினாள். ஒன்றும் கத்தவில்லை. விற்க வந்தவன்தான் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

கடைக்கு வெளியிலும் இதே கதைதான். தேவாலய விருந்துக்கு அவள் கொண்டுவரும் பாத்திரத்தின் அடியில் அவள் பெயர் இருக்கும். பாத்திரம் காலியாகும்வரை அதன் பக்கத்திலேயே நிற்பாள். உணவுக்கடையில் சுவருக்கு முதுகைக் கொடுத்துத்தான் உட்காருவாள். நாளைக்கு மழை என்று தொலைக்காட்சியில் சொன்னால், "இவனுக்கு யார் சொன்னா?" என்பாள்.

இவள் பிறவியிலேயே இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். முன்பெல்லாம் வெல்டாவும் லைசென்ஸையும் சாவியையும் வாங்கிக்கொண்டு, சிரித்த முகமாகத் தட்டை நீட்டியவள்தான். கதை மாறியது ஒரு பித்தளை நாளில்.

சுட்டு முடித்த தோட்டாக்களின் காலிக் கூடுகள் எங்கள் கூடத்தில் தரையெல்லாம் கொட்டிக் கிடக்கும். பெருக்கி வாளிகளில் சேர்த்து வைப்பேன். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஓட்டிஸ் என்ற பழைய உலோக வியாபாரி தள்ளுவண்டியோடு வந்து அள்ளிக்கொண்டு போவார். அதைத்தான் பித்தளை நாள் என்போம். சுடும் பகுதிக்கும் கடைக்கும் நடுவே இருக்கிற கனத்த கதவு தானாக மூடிக்கொள்வது. ஓட்டிஸின் வண்டி வந்து போவதற்காக அன்று மட்டும் அதற்கு முட்டுக் கொடுத்துத் திறந்து வைப்போம். வாளிகளை அடுக்கிய வண்டி அந்த வழியாக வரும்போது, வெல்டாவின் முக்காலியிலிருந்து அந்தப் பக்கம் ஒன்றும் தெரியாது.

அன்று தாடிக்காரன் ஒருவன் வந்திருந்தான். ரொம்ப மரியாதை. பேச்சுக்குப் பேச்சு அம்மா போட்டான். ஓட்டிஸின் வண்டி வெளியே போனபோது அதன் மறைவிலேயே நடந்து தெருவுக்குப் போய்விட்டான், இடுப்பில் எங்கள் கடைத் துப்பாக்கியோடு. லைசென்ஸ் வேறொருவனிடம் திருடியது. சாவி, திருடிய வண்டியுடையது. அந்த வண்டியை வாசலிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். போலீஸ் வந்தது, அரசாங்க ஆட்கள் வந்து ஹாஸ்கலை ஒரு வாரம் வறுத்தார்கள். "இன்னொண்ணு போச்சுன்னா எனக்குக் கடை லைசென்ஸ் போயிடும், அதுக்கு முன்னாடி உனக்கு வேலை போயிடும்" என்று ஹாஸ்கல் அவளிடம் சொன்னார். கத்தவில்லை. அந்த மனிதர் கத்தாமல் சொன்னால் அது முடிவு.

அந்தத் துப்பாக்கி இதுவரை கிடைக்கவில்லை. வெல்டாவை அரிப்பது வேலை போகும் என்ற பயம் மட்டுமில்லை. டல்சாவிலோ வேறெங்கோ யாரையோ சுட்டுவிட்டார்கள் என்று இரவுச் செய்தியில் வந்தால், மறுநாள் காலை வந்ததும் வராததுமாக என்னிடம் கேட்பாள்: "என்ன துப்பாக்கின்னு சொன்னாங்களா ஆர்வில்?" சொல்லவில்லை என்பேன். சொன்னார்கள் என்றாலும் சொல்லவில்லை என்றுதான் சொல்வேன்.

அப்போதுதான் அந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. பித்தளை நாள் எது என்று வெளியாளுக்கு எப்படித் தெரியும்? வண்டி போகும்போது முக்காலியிலிருந்து கதவு தெரியாது என்பது எப்படித் தெரியும்? உள்ளே இருக்கிற யாரோ சொல்லியிருக்க வேண்டும். சந்தேகப்பட அவளிடம் மூன்று பேர் இருந்தோம். ஓட்டிஸ், நான், அவள் மகன் கோல்பி.

ஓட்டிஸை அவள் கேட்ட கேள்வியில் அவர் இரண்டு மாதம் எங்கள் பக்கமே வரவில்லை. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் வேலைக்கு வந்ததும் என் காப்பிக் குடுவையை வாங்கி ஆணியில் மாட்ட ஆரம்பித்தாள். பதினோரு வருஷமாக அடுத்தடுத்து நின்று வேலை பார்க்கிறவர்கள் நாங்கள். எனக்கு ரோஷம் வந்தது. ஒரு வாரம் பேசவில்லை. பிறகு காப்பி இல்லாமல் இருக்க முடியாததால் பேசினேன்.

கோல்பி விஷயம் அப்படி முடியவில்லை. வெல்டா தனியாக வளர்த்த பிள்ளை அவன். எதிலும் நிலைக்காதவன். படிப்பைப் பாதியில் விட்டான், எண்ணெய்க் கிணற்று வேலையை விட்டான், நிச்சயமான பெண்ணை விட்டான். பித்தளை நாட்களில் வந்து ஓட்டிஸுக்கு வாளி தூக்கிக் கொடுப்பான். மத்தியானம் அம்மாவோடு சாப்பிட்டுவிட்டுப் போவான். திருட்டு நடந்த நாளில் மட்டும் வரவில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் கேட்டிருக்கிறாள். அவளே என்னிடம் சொன்னாள்: "எவங்கிட்டயாவது வாய விட்டியாடான்னு ஒரே ஒரு தடவதான் கேட்டேன் ஆர்வில்."

"அவன் என்ன சொன்னான்?"

"என்னையவே நம்பலையான்னான். நம்புறதுக்கு ஈடா உங்கிட்ட என்னடா இருக்கு, விட்டுட்டுப் போக முடியாததுன்னு ஒண்ணே ஒண்ணு சொல்லு பாப்போம்னேன்."

"சொன்னானா?"

"முள்கரண்டியக் கீழ வெச்சான். எந்திரிச்சுப் போனான்."

அதோடு அவன் ஊரை விட்டும் போய்விட்டான். போன் நம்பரை மாற்றிவிட்டான். எங்கே இருக்கிறான், எப்படி இருக்கிறான் என்று வெல்டாவுக்குத் தெரியாது. ஈடு வாங்கும் வழக்கம் அதற்குப் பிறகு வந்ததுதான். ஒவ்வொருவனையும் மேலும் கீழும் பார்த்து, இவன் எதை விடமாட்டான் என்று அவள் தேடும்போதெல்லாம், உண்மையில் யாரைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றும். அவளிடம் சொன்னதில்லை. காப்பிக் குடுவை அவள் கையில் இருக்கிறது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கூட்டம் கலைந்து கூடம் ஓய்ந்த சமயம். நான் கவுண்டரில் குடுவையைக் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பழைய டிரக் வந்து நின்றது. ஆள் இறங்கிய பிறகும் அதன் சத்தம் நிற்கவில்லை.

"ஓடுற வண்டி" என்றாள் வெல்டா. அவள் கை பொத்தானுக்குப் போவது தோள் அசைவில் தெரிந்தது. கேமராத் திரையைப் பார்த்தாள். டிரக்கின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்; வெயில் கண்ணாடியில் பட்டு முகம் தெரியவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்தவன் கோல்பி.

இளைத்திருந்தான். வேலைக்கால்சட்டையில் பெயிண்ட் கறை. அம்மா என்று கூப்பிடவில்லை. வாடிக்கையாளர் நிற்கிற கோட்டில் வந்து நின்றான்.

"ஒரு துப்பாக்கி வாடகைக்கு வேணும்."

"எது?"

கண்ணாடிப் பெட்டிக்குள் விரலால் காட்டினான். காணாமல் போன துப்பாக்கியின் அதே மாதிரி. வேறு எத்தனையோ இருக்க, அது. ஹாஸ்கல் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார்.

"லைசென்ஸ்" என்றாள் வெல்டா.

வைத்தான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பெற்ற பிள்ளையின் படத்தை, அவன் பிறந்த தேதியை.

"சாவி."

"வண்டியில இருக்கு. ஓடிட்டு இருக்கே, கேக்கலையா?"

"கேக்குது. யாரு அது?"

"எனக்குத் தெரிஞ்சவங்க. உள்ள வரமாட்டாங்க. உன்னப் பத்தி நிறையச் சொல்லியிருக்கேன்."

"சாவி இல்லன்னா குடுக்கக்கூடாது, கடைச் சட்டம்."

"சாவி குடுத்தவன்தான வண்டிய விட்டுட்டுத் துப்பாக்கியோட போனான்? அதுக்கப்புறம் நீ வேற சட்டம் வெச்சிருக்கேன்னு ஊரெல்லாம் பேச்சு. ஆளப் பாத்து எதையோ வாங்கிக்குவியாமே. எங்கிட்டயும் கேளு."

அவள் பார்க்க ஆரம்பித்தாள். காலணியிலிருந்துதான் ஆரம்பித்தாள், வழக்கம்போல. மலிவான காலணி, ஒரு பக்கம் வாய் பிளந்தது. இடுப்பில் சாதாரண வார். உடைந்த கண்ணாடியோடு ஒரு போன் சட்டைப் பையில். தொப்பி இல்லை. கழுத்தில் ஒன்றுமில்லை. முகம்வரை போய்விட்டு மறுபடியும் காலணிக்கு இறங்கினாள். இவ்வளவு நேரம் அவள் யாரையும் பார்த்து நான் பார்த்ததில்லை.

"எனக்குத் தெரியல கண்ணு" என்றாள் கடைசியில். குரல் எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. "உங்கிட்ட எதைக் கேக்குறதுன்னு எனக்குத் தெரியல."

கோல்பி திரும்பி வாசலைத் தாண்டிப் போய்விட்டான்.

"நல்லதாப் போச்சு" என்றார் ஹாஸ்கல், மூச்சை விட்டபடி. வெல்டா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிரக்கின் பின்கதவு திறப்பது தெரிந்தது. அவன் குனிந்து எதையோ எடுத்தான்.

"பை எடுத்துட்டு வரான்" என்றேன் நான். மாற்றி வைக்கிற மூன்றாவது ரகம்தான் என் நினைவுக்கு வந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

பை இல்லை. ஒரு பெண் குழந்தை. நடக்கப் பழகுகிற வயது இருக்கும். ஒரு காலில் மட்டும் சாக்ஸ். தூக்கத்தில் எழுப்பிய முகம். கோல்பி அவளைக் கொண்டுவந்து கவுண்டர்மேல், துப்பாக்கிகள் வரிசையாகத் தெரிகிற கண்ணாடிக்கு மேலேயே உட்கார வைத்தான்.

"விட்டுட்டுப் போக முடியாதது ஒண்ணு சொல்லுன்னியே. இந்தா."

வெளியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"யாரோடது?" என்றாள் வெல்டா. அதைக் கேட்காமல் இருக்க அவளால் முடியாது.

"என்னோடது. பேரு டெஸ்ஸா. அவங்கம்மாதான் வண்டியில இருக்கா. பிள்ளைக்கு ஏசிக் காத்து வேணும்னுதான் வண்டிய ஓட விட்டிருக்கோம், போதுமா?"

குழந்தை வெல்டாவின் கண்ணாடிச் சங்கிலியைப் பிடித்து இழுத்தது. வெல்டா விடுவித்துக்கொள்ளவில்லை. குழந்தையின் முகத்தை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு இடது கையாலேயே பெட்டியைத் திறந்து, அவன் கேட்டதை எடுத்து, காலி என்று காட்டி, பிடிக்கு அடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டு, தட்டில் வைத்து நகர்த்தினாள். வலது கை கவுண்டருக்கு அடியில்தான் இருந்தது.

"வெல்டா" என்றார் ஹாஸ்கல். "சாவி இல்ல. ஆணி காலியா இருக்கு."

"பிள்ளைய ஆணியில மாட்டச் சொல்றியா?"

"நான் ஏற்கனவே சொல்லியிருக்கேன். ஞாபகம் இருக்கில்ல? வேலை போயிடும்."

"இருக்கு" என்றாள் அவள்.

ஹாஸ்கல் என்னைப் பார்த்தார். இந்த முறை கூரையைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. காதுமூடி ஒன்றை எடுத்துக் கோல்பியிடம் கொடுத்து உள்ளே அழைத்துப் போனேன்.

கதவுக்குப் பக்கத்திலிருக்கும் சுடும் தடத்தை அவனுக்கு ஒதுக்கினேன். வேறு யாரும் சுடவில்லை. அவன் நிதானமாகத் தோட்டாக்களை அடைத்தான். குழல் எங்கே பார்க்கிறது என்பதைத்தான் நான் கவனிக்க வேண்டும். என் கண்கள் அவன் இடுப்பையும் கதவையும்தான் மாறி மாறிப் பார்த்தன. அந்தத் திருட்டில் அவனுக்குப் பங்கு உண்டா, இல்லையா, அன்று யாரிடமாவது வாயை விட்டானா, எனக்குத் தெரியாது. வெல்டாவுக்கும் தெரியாது. அவனும் சொல்லவில்லை. வெளியே வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், அதன் சாவி குழந்தையின் அம்மாவிடம் இருக்கிறது, வாசலுக்குப் பதினைந்து எட்டு எடுத்து வைத்தால் போதும் என்று என் மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. வெல்டாவிடம் இத்தனை வருஷம் இருந்தால் யாருக்கும் இந்தப் புத்திதான் வரும்.

முதல் வெடி வெடித்தது.

கடைப் பக்கம் பார்க்க எங்களுக்குச் சுவரில் ஒரு தடித்த கண்ணாடி இருக்கிறது. அந்தச் சத்தம் அந்தப் பக்கமும் கேட்கும், பழகாதவர்களுக்குத் தூக்கிவாரிப்போடும். கவுண்டர்மேல் குழந்தை திடுக்கிட்டுத் துள்ளுவதும், அதன் உதடு பிதுங்குவதும் தெரிந்தது. கோல்பி அடுத்த தோட்டாவுக்குக் குறி பார்த்தான்.

வெல்டா முக்காலியை விட்டு இறங்கினாள். வாசலுக்கும் திரைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு குழந்தையின் எதிரே நின்றாள். இரண்டு கைகளையும் தூக்கி, குழந்தையின் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.